நடுக்குவாதம்

ரூவியில், மணிக்கூண்டிலிருந்து இரண்டாவது சிக்னல்.
பச்சை மனிதன் பதினான்கு நொடி நிற்பான்.
எண்ணிச் சொன்னவர் சேர்மக்கனி.
பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர்,
இப்போது டீ கிளாஸைப்
பாதி மட்டும் நிரப்பச் சொல்கிறவர்.
பதினான்குக்குள் அவர் தாண்டுவது மூன்று கோடு.
மீதிக் கோடுகளை டயர்கள் தின்றுவிட்டன.

கோடு இருந்தால் கால் நடக்கும், அதுதான் விசித்திரம்.
வெறுந்தரையில் பாதம்
பசை போட்டதுபோல் நின்றுவிடும்.
எதிரே ஒரு கோடு தெரிந்தால்
தாண்டுவதற்கென்று தானே எழும்பும்.
பிலோமினா சிஸ்டர் தன் வீட்டு ஹாலில்
முழத்துக்கொன்றாகச் சிவப்பு டேப் ஒட்டி
வெள்ளிதோறும் அவர்களை நடக்கவைப்பார்.

ஜும்ஆ முடிந்து நூருல் அமீன் வந்ததும் கூட்டம்.
அவரைப் போலீஸ்காரர் வாயை ஊதச் சொன்னாராம்,
தள்ளாடுகிறாய் என்று,
அதுவும் நோன்பு நாளில்.
இன்னொருவருக்கு எக்ஸ்சேஞ்சில்
கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ஊருக்குப் பணம் போகவில்லை.
முதல் எழுத்து நெல் அளவு,
கடைசி எழுத்து எள் அளவு.
ஜெயசீலிக்குக் கை நடுங்கவே இல்லை.
முகம்தான் உறைந்துபோனது.
கல்லாவில் நின்று சிரிப்பதில்லை என்று
சூப்பர் மார்க்கெட்டில் கணக்கை முடித்துவிட்டார்கள்.

நான் டைப்பிங் சென்டர்காரன்.
விசா, லேபர் கார்டு, வாடகை ஒப்பந்தம்,
அடுத்தவர் வாழ்க்கையை அரபியில் தட்டுகிறவன்.
மனு எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.
நோய்க்கு அரபியில் என்ன பெயர் என்றார்கள்.
ஷலல் ரஆஷ் என்றேன், நடுங்கும் முடக்கம்.
தமிழில் நடுக்குவாதம்.
"வாதம்தானே, வாதாடுவோம்" என்றார் சேர்மக்கனி.
சொல்லிவிட்டுச் சிரித்திருக்கலாம்.
முகம் காட்டவில்லை.

'இரக்கமுள்ள பலதியா தலைவர் அவர்களுக்கு'
என்று தொடங்கினேன். வழக்கம் அது.
"இரக்கத்தை எடுங்க, நொடியைப் போடுங்க"
என்றாள் ஜெயசீலி.
போட்டேன்:
கோடுகளைத் திரும்ப வரைய வேண்டும்,
பதினான்கை முப்பதாக்க வேண்டும்.

பதினோரு கையெழுத்தும்
ஒரு தபால்தலைக்குள் அடங்கின.
கீழே தாள் வெள்ளையாகக் கிடந்தது.
சிஸ்டர் என்னைப் பார்த்தார்,
என் இடது பாக்கெட்டைப் பார்த்தார்.
எட்டு மாதமாக அந்தக் கை அங்கேதான்.
விசா மெடிக்கலுக்கு இன்னும் நான்கு மாதம்.
கபீலுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று
இந்த ஊரில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
டைப் அடித்தவன் கையெழுத்துப் போடும் வழக்கமில்லை என்றேன்.
அவர் வற்புறுத்தவில்லை.
பேனாவை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்.

ஏழு வாரம் கழித்து
ராத்திரியோடு ராத்திரியாக வண்டி வந்து வரைந்துவிட்டுப் போனது.
கோடு வந்தது.
நொடி வரவில்லை.

அந்த வெள்ளி எல்லோரும் இறங்கினார்கள்.
பாதியில் சிவப்பு விழுந்தது.
டாக்சிகள் கத்தின.
சேர்மக்கனி கிரேனுக்குக் காட்டுவதுபோல்
உள்ளங்கையை நீட்டி, நிறுத்து என்றார்.
கை ஆடியது. வண்டிகள் ஆடவில்லை.
ஒவ்வொரு வெள்ளைப் பட்டையாகத் தாண்டினார்கள்,
குளிர்ந்த வாய்க்காலைத் தாண்டும் ஆடுகள்போல,
யோசித்து, யோசித்து.
நான் கடைசியில் வந்தேன்.
நடுவழியில் என் கால் நின்றது.
எனக்கும் கோடு தேவைப்படும் என்பது
அதுவரை எனக்குத் தெரியாது.
கை எப்போது வெளியே வந்ததென்றும் தெரியாது.

இரண்டாவது மனு இப்போது திரையில்.
பொருள்: பாக்கிப் பதினாறு நொடி.
கீழே பன்னிரண்டு பெயர்.
சில எழுத்துகள் இரண்டு தடவை விழுந்துவிடுகின்றன.
அழிக்கவா என்று கேட்டேன்.
இருக்கட்டும் என்றாள் ஜெயசீலி.
அவள் முகத்தை வைத்து
எதுவும் சொல்ல முடியாது.